தலைப்பில் ஒரு கொலை

‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்பதில் எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, பயனிலையும் இருக்கிறது. நாளிதழின் குற்றச் செய்தி போல ஒலிக்கும் இந்த வாக்கியத்தில் செத்தது யார் என்பது மட்டும் இல்லை. அம்பையின் ‘சிறகுகள் முறியும்’ (1976) தொகுப்பில் உள்ள இச்சிறுகதையைத் திறப்பவர் பிணத்தைத் தேடுவார். கதையில் பிணமே கிடையாது. இருப்பவள் பதின்மூன்று வயதுச் சிறுமி.

1944இல் கோயம்புத்தூரில் பிறந்த அம்பை வளர்ந்தது மும்பையிலும் பெங்களூரிலும். பெங்களூரின் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையம் போன்ற பகுதிகளின் தமிழ் வீடுகளில், பூப்பெய்துவதை யாரும் நேராகச் சொல்வதில்லை. ‘பெரிய மனுஷி ஆயிட்டா’ என்பார்கள்; பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் ‘தொட்டவளாதளு’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், இரண்டும் மூடுமந்திரம்தான். நேற்றுவரை பாவாடையோடு ஓடியவள் இன்று எப்படிப் பெரியவள் ஆனாள் என்பதற்கு இந்தச் சொற்களில் விடை இல்லை.

கதையின் சிறுமியும் இந்தப் புதிரில்தான் சிக்குகிறாள். அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் அவள் வயதுக்கு வருகிறாள். சுற்றியுள்ளவர்கள் பேசுவது எதுவும் அவளுக்கு ஆறுதலாக இல்லை. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். நிறம் கறுப்பென்று உறவுக்காரப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போன எரிச்சலோடு திரும்பும் அம்மாவோ, இதுவும் ஒரு சுமையா என்கிற தொனியில் கடிந்துகொள்கிறாள். மகளும் கறுப்பு. அந்தச் சில சொற்கள்தாம் கொலை ஆயுதம்.

அப்படியானால் கொல்லப்பட்டது எது? குழந்தைப் பருவமா, அம்மாவின் மேல் இருந்த நம்பிக்கையா, தன் உடம்பைப் பற்றிய மகிழ்ச்சியா? தலைப்பு சொல்லாது. சிறுமிக்கே அது தெளிவாகத் தெரியாது என்பதால், சொல்லாமல் விட்டதே சரி.

அமெரிக்க எழுத்தாளர் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ், 1966இல் வெளியான தம் கதைக்கு ‘எங்கே போகிறாய், எங்கே போயிருந்தாய்?’ என்ற பொருளில் தலைப்பிட்டார். கதைநாயகியான பதினைந்து வயது கானியிடம் பெற்றோர் வழக்கமாகக் கேட்கக்கூடிய கேள்வி அது. கதை முடிவில் பதிலற்ற அச்சமாக மாறிவிடுகிறது. அங்கே தடுமாற்றம் கேள்விக்குறியாக வெளியே தெரிகிறது. அம்பையிடம் அது அடித்துச் சொல்லும் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இதுவே கூடுதல் நுட்பம்.

‘செய்தாள்’ என்ற வினையில் மரியாதைக் குறைவு இல்லை. அம்மாவை ‘அவள்’ என்றே பேசிப் பழகிய வீட்டின் நெருக்கம் அது. ‘ஒரு’ என்பதையும் தாண்டிப் போய்விட முடியாது. அம்மா அன்போடு செய்த எத்தனையோ காரியங்கள் மகளின் நினைவில் கதை நெடுக வருகின்றன. அவற்றை அவள் எண்ணுவதில்லை. கொலையை மட்டும் எண்ணி வைத்திருக்கிறாள்: ஒன்று.