மண்ணில் இருப்பது வேறு, உயிருக்குள் ஏறுவது வேறு

வட பிரான்சின் நுவாயேல்-கோதோவில் ஈயமும் துத்தநாகமும் உருக்கிய மெட்டல்யூரோப் ஆலை 2003-ல் மூடப்பட்டது. நூறாண்டுக்கு மேல் அது கக்கிய தூசி சுற்றுவட்டார வயல்களில் படிந்திருந்தது. ஆலை போய்விட்டது, காட்மியமும் ஈயமும் உழவு மண்ணிலேயே தங்கிவிட்டன. மக்கி மறைகிற சரக்கல்லவே அவை.

இப்படிப்பட்ட மண்ணைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால், கடும் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதித் தருவார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் எந்தப் பயிரின் வேரும் மண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்துக் குடிப்பதில்லை. களித்துகளும் மட்கும் இறுகப் பிடித்துவைத்திருக்கும் உலோகம் வேருக்கு எளிதில் எட்டாது. மண்ணின் அமிலத்தன்மை கூடினால் அதே காட்மியம் பிடி தளர்ந்து கரைந்து கீரைக்குள் ஏறும். சுண்ணாம்பு இட்டால் பெரும்பாலும் அடங்கும். அறிக்கையில் ஒரே எண் வாங்கிய இரண்டு வயல்களில், ஒன்றின் விளைச்சலைச் சாப்பிடலாம், மற்றதைச் சாப்பிடக் கூடாது என்ற நிலைகூட வரலாம்.

உயிருக்கு எட்டும் பங்கு எவ்வளவு என்று உயிரிடமே கேட்டால் என்ன? பாக்டீரியா உணரிகள் பிறந்தது இந்த யோசனையில்தான்.

பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட உணரியைப் பார்ப்போம். சீழ்க்கட்டிகளுக்குப் பேர்போன ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் சில வகைகள், உள்ளே புகுந்த காட்மியத்தை வெளியேற்றத் தனிப் புரதம் ஒன்றைத் தயாரிக்கின்றன. தேவையில்லாதபோது அதைத் தயாரிப்பது வீண்செலவு. அதனால் அந்த மரபணுவின் வாசலில் இன்னொரு புரதம் பூட்டுபோல் உட்கார்ந்திருக்கும். காட்மியமோ ஈயமோ செல்லுக்குள் வந்து அதில் ஒட்டினால் பூட்டு கழன்றுவிடும். ஆய்வாளர்கள் பூட்டை அப்படியே எடுத்து, அதன் பின்னால் மின்மினிப் பூச்சியின் ஒளிநொதி மரபணுவைச் சேர்த்தார்கள். இப்போது உலோகம் நுழைந்தால் பாக்டீரியா ஒளிரும். ஒளியின் அளவைக் கருவி படித்துச் சொல்லும். செல்லுக்குள் நுழையாத உலோகம் கணக்கிலேயே வராது. இந்த முறையின் மதிப்பே அதுதான்.

எஸ்டோனியாவின் தாலின் நகர ஆய்வாளர்கள் இத்தகைய பாக்டீரியாக்களை வட பிரான்சின் உருக்காலைப் பகுதி மண்ணில் சோதித்தார்கள். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் கொடுத்தபோது பாக்டீரியா உணர்ந்த உலோகம் சொற்பம். மண்கூழிலேயே பாக்டீரியாவைக் கலந்தபோது அது பல மடங்கு எகிறியது. துகளைத் தொட்டுக்கொண்டு வாழும் உயிர், நீரில் கரையாமல் கிடப்பதிலிருந்தும் கொஞ்சம் பெயர்த்துக்கொள்கிறது. வேரும் தன் கசிவுகளால் அப்படித்தான் செய்கிறது. வடிகட்டிய நீரை மட்டும் பார்த்து ‘பயமில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிக்கல்களும் உண்டு. கலங்கிய மண்கூழ் ஒளியை மறைக்கும். நஞ்சு மிகுந்தால் பாக்டீரியா செத்து இருண்டுவிடும், அதைச் சுத்தமான மண் என்று தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. எனவே உலோகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளிரும் இன்னொரு பாக்டீரியாவை அதே மண்ணில் வைத்து ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். மேலே சொன்ன உணரிக்குக் காட்மியத்தையும் ஈயத்தையும் பிரித்துச் சொல்லவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாக்டீரியா நெற்பயிர் அல்ல. ஒரே மண்ணில் கீரை இழுப்பதும் தானியம் இழுப்பதும் வேறு வேறு.

ஆகவே அமிலச் சோதனையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அது களஞ்சியத்தில் மொத்தம் எவ்வளவு என்கிறது. பாக்டீரியா இன்று எவ்வளவு வெளியே வருகிறது என்கிறது. சுண்ணாம்போ சாம்பலோ இட்டு உலோகத்தை மண்ணோடு கட்டிப்போடும் சீரமைப்பு பலித்ததா என்று பார்க்க மொத்த அளவு உதவவே உதவாது; அது இட்ட பிறகும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

சட்டங்கள் இன்னும் பெரும்பாலும் மொத்தத்தையே அளக்கின்றன. கழிவுநீர்ச் சேற்றை வயலில் இடுவது பற்றிய 1986-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணை, மண்ணில் காட்மியத்துக்கு வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம். அதில் எவ்வளவு பயிருக்குள் போகும் என்பதை அந்த எண் சொல்லாது.