ஹார்டு டிஸ்க் யார் கையில்?

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வேப்பூர் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். வெளியூர் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். ஊரைத் தொட்டுப் போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வடக்கே செங்குறிச்சி, தெற்கே திருமாந்துறை என்று சுங்கச்சாவடிகள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்பது ஃபாஸ்டாக்கில் பதிவாகிவிடுகிறது. திருட்டு ஆடு ஏற்றிய வண்டியா, கல்யாணத்துக்குப் போகிற வண்டியா என்ற பேதமெல்லாம் அதற்குத் தெரியாது.

2003-ல் இதெல்லாம் இல்லை.

அந்த ஆண்டு ஜூலை 8. இங்கிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் விருத்தாசலம். அதை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட முருகேசனையும் கண்ணகியையும் பிடித்துவந்து, விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். பார்த்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காவல் நிலையத்துக் காகிதம் வேறு கதை சொன்னது. முருகேசன் தரப்பிலும் நான்கு பேரைக் குற்றவாளிகளாகச் சேர்த்து, இரு தரப்பும் செய்த கொலை என்று திரித்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கடலூர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் 13 பேரைத் தண்டித்தது; பொய் ஆவணம் புனைந்த காவல் அதிகாரிகள் இருவரும் அதில் அடக்கம். 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. கிட்டத்தட்ட 22 ஆண்டுகள்.

அன்றைக்கு ஒரு கேமரா இருந்திருந்தால் என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. நானும் அங்கலாய்த்திருக்கிறேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வரவில்லை.

கேமரா இருந்த வழக்கு ஒன்று உண்டு. 2015 ஜூன் 23, திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயில். வேறு சாதித் தோழியோடு அங்கே போன ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றுதான் முதலில் பேச்சு. அன்று கோயிலில் பதிவான சி.சி.டி.வி. காட்சிகள்தான் வழக்கைத் தூக்கி நிறுத்தின. அந்தப் பதிவை நம்பலாமா, அதற்கான சான்றிதழ் செல்லுமா என்று எதிர்த்தரப்பு கேட்காத கேள்வி இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் நேரிலேயே போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். காட்சியைப் போட்டுக் காட்டி, ‘இது நீங்கள்தானே’ என்று கேட்டபோதும் முக்கிய சாட்சியான அந்தத் தோழி மறுத்தார். ஏன் மறுத்தார் என்று நாம் ஊகிக்க வேண்டாம். கேமராவுக்குச் சாதியும் இல்லை, சொந்தபந்தமும் இல்லை. 2022 மார்ச்சில், கொலையின் முதல் குற்றவாளியான யுவராஜுக்கும் கூட்டாளிகளுக்கும் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது.

விருத்தாசலத்து அர்த்தநாரி சிலையும் ஏறக்குறைய இப்படி ஒரு பதிவால்தான் நாடு திரும்பியது. விருத்தகிரீசுவரர் கோயிலில் திருடுபோன அந்தக் கற்சிலையை, சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் சிலைக் கடத்தல்காரர் சுபாஷ் கபூரிடமிருந்து வாங்கிவிட்டது. என்றைக்கோ ஆய்வுக்காக எடுத்துவைத்த பழைய புகைப்படங்கள், அது எந்தக் கோயில் சிலை என்று காட்டிக்கொடுத்தன. 2014-ல் ஆஸ்திரேலியா அதைத் திருப்பித் தந்தது.

கோயில் கேமராவும் சரி, ஆய்வாளர் எடுத்த படமும் சரி, வழக்கில் எந்த லாபமும் இல்லாதவர்கள் வைத்திருந்த பதிவுகள். அதனால்தான் அவை பேசின.

சாத்தான்குளத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2020 ஜூன் 19 இரவு தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் சாகுமளவுக்கு அடிபட்ட காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஒரு டி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். கடைசியில் நடந்ததைச் சொன்னவர் அதே நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். எத்தனை லட்சம் ரூபாய் இயந்திரமானாலும் அவர் செய்ததைச் செய்திருக்காது.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைப்பவர், கோப்பின் கைரேகை மாதிரியான ‘ஹாஷ்’ எண்ணோடு சான்றிதழும் தர வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் சாத்தான்குளத்தில் நடந்தது திருத்தல் அல்ல, அழித்தல். இல்லாத கோப்புக்கு ஏது ஹாஷ்?

முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளையும் தமிழகக் காவல் துறை வைத்திருக்கிறது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் களவுபோனதே காரணம் என்று துறையே சொன்னது. நம் முகங்கள் இருக்கிற பெட்டிக்கு அவ்வளவுதான் பூட்டு.

எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ம் தேதி உத்தரவிட்டிருக்கிறது. அடுத்த முறை ஆடு காணாமல் போன புகாரோடு ஸ்டேஷன் படியேறினால், எழுத்தரிடம் மரியாதையாகவே கேட்டுவையுங்கள்: “ஐயா, இந்தக் கேமராவுல எத்தனை நாள் பதிவு இருக்கும்?”