மரப்படி ஏன் கிரீச்சிடுகிறது?

மரப்படிக்கட்டில் கால் வைத்ததும் 'கிரீச்' என்று சத்தம் எழுந்தால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். கால் படும் மிதிபலகை, அதற்குக் கீழே செங்குத்தாக நிற்கும் நிமிர்பலகை, இரண்டையும் இருபுறமும் தாங்கும் பக்கச்சட்டங்கள் ஆகியவை சேர்ந்ததே ஒரு படி. இங்கிலாந்தின் பழைய வரிசை வீடுகளில் பக்கச்சட்டத்தில் காடி வெட்டிப் பலகைகளைச் செருகி, அடியிலிருந்து பசை தடவிய ஆப்பை அடித்து இறுக்கியிருப்பார்கள். இரு பலகைகளும் சேரும் மூலையில் சிறு மரக்கட்டைகளை ஒட்டியிருப்பார்கள்.

மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. குறுக்கே நன்றாகச் சுருங்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும்போது காற்று வறண்டு, 25 செ.மீ. அகலமுள்ள பலகை 2 மி.மீ. வரைகூடக் குறுகலாம். ஆப்பு நழுவுகிறது, ஆணி ஆடுகிறது, பலகைக்கு அசைய இடம் கிடைக்கிறது. மிதித்ததும் அது சற்றே ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது. வயலின் தந்தியில் வில் நாதம் எழுப்புவதும் இதே முறையில்தான். ஜப்பானில் கியோட்டோ நகரின் நிஜோ கோட்டையில், தாழ்வாரத்தில் நடந்தால் பறவை கூவுவது போலக் கேட்கும். தரைக்கடியில் ஆணிகளும் இரும்புப் பற்றிகளும் உரசுவதே அதற்குக் காரணம்.

சத்தம் வரும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. ஒருவர் மேலே நின்று படியின் முன்விளிம்பு, பின்பக்கம், இரு ஓரங்கள் என ஒவ்வொன்றாக மிதிக்க, இன்னொருவர் கீழிருந்து கேட்டுச் சாக்பீஸால் குறியிட வேண்டும். பலகை அசைவது கண்ணுக்கே தெரிவதும் உண்டு.

படிக்கட்டின் அடிப்பக்கம் திறந்திருந்தால் அங்கிருந்து பழுது பார்ப்பதே சிறந்தது. மேலே ஒரு தழும்பும் தெரியாது. தளர்ந்த ஆப்பைக் கழற்றி, காய்ந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பசை தடவித் திரும்ப அடித்து இறுக்க வேண்டும். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. பலர் தவறுவது இங்கேதான். மூலைக்கட்டை விழுந்திருந்தால் புதிதாக ஒன்றை ஒட்டித் திருகாணி போடலாம். திருகாணி மிதிபலகையின் மேற்புறத்தைத் துளைத்துக்கொண்டு வராத நீளத்தில் இருக்க வேண்டும்.

அடிப்பக்கம் சாந்து பூசி மூடியிருந்தால் மேலிருந்துதான் செய்தாக வேண்டும். முதலில் சிறு துளை போட்டு, 4 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள திருகாணியை மிதிபலகை வழியாகக் கீழுள்ள நிமிர்பலகையின் நடுவில் இறக்க வேண்டும். முடுக்கும்போது ஒருவர் அந்தப் படியின் மேல் நின்றால் இடைவெளி மூடிக்கொள்ளும். திருகாணியின் தலையைப் பலகைக்குள் அமிழ்த்தி, மரமக்கு வைத்துத் தேய்த்துவிடலாம். நிமிர்பலகை மெல்லிய ஒட்டுப்பலகையாக இருந்தால் இந்த வேலை கூடாது, பிளந்துவிடும். மிதிபலகையின் பின்பக்கத்தில் கீற்றாக இடைவெளி தெரிந்தால், பசை தடவிய மெல்லிய ஆப்பைச் செருகி, நீட்டியிருக்கும் பகுதியைக் கத்தியால் சீவிவிட்டாலே போதும்.

முகப் பவுடரையோ கிராஃபைட் தூளையோ இடுக்கில் தூவினால் சத்தம் சில வாரங்கள் அடங்கும், அவ்வளவே. எண்ணெய் விடவே கூடாது. அது அழுக்கைச் சேர்ப்பதோடு, பிறகு பசை ஒட்டவும் விடாது.

பசை வைத்த படியை 24 மணி நேரம் மிதிக்காமல் விட வேண்டும். பக்கச்சட்டத்தில் விரிசல் தெரிந்தாலோ, மிதிக்கும்போது பலகை தொய்ந்தாலோ, பூச்சி அரித்த மரத்தூள் உதிர்ந்தாலோ தாமதிக்காமல் தச்சரை அழைத்துவிடுங்கள்.