நெருப்பில்லா அடுப்பிற் சாக்லேட்டுக் கேக்கு

மைக்ரோவேவ் அடுப்பு இந்நாளிற் பல இல்லங்களிற் குடிபுகுந்துளது. எனினும், அஃது ஆற்றும் பணி யாதென வினவின், நேற்றைய குழம்பைச் சூடாக்குதலும் ஆறிய பாலை வெதுப்புதலுமே என்பர். 'அதிற் கேக்குச் செய்தல் ஆகாதோ?' எனின், 'ஒருமுறை செய்தோம், இரப்பர் போலாயிற்று, முட்டையும் கொக்கோவும் வீணாயின' என விடை வரும். இக்குறை கருவியினுடையதன்று, பழைய அடுப்பின் இலக்கணத்தைப் புதிய அடுப்பிற்கு உரைத்தலால் விளைந்ததாகும். பெரிய அடுப்பு வாங்க வசதியில்லாதாரும், தோழர் ஒருவரின் பிறந்தநாளுக்குத் தம் கையாற் கேக்குச் செய்ய விரும்பும் மாணவரும் பயன்பெறுதற்பொருட்டு, இவ்வடுப்பின் இயல்பையும் அதற்கியைந்த செய்முறையையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இவ்வடுப்பின் பிறப்பிலேயே இனிப்புக்கு இடமுண்டு. இரண்டாம் உலகப்போரிற் பகைவர் விமானங்களைக் கண்டறிந்த ரேடார்க் கருவிக்கு மாக்னெட்ரான் என்னுங் குழல் இன்றியமையாததாயிற்று. அமெரிக்காவில் ரேத்தியான் நிறுவனத்தில் அக்குழலாக்கும் பணியிலிருந்தவர் பெர்சி ஸ்பென்சர். பள்ளிக் கல்வியை முற்ற முடியாத அவர், இயங்கும் குழலருகே நின்றபொழுது தம் சட்டைப்பையிலிருந்த இனிப்புக் கட்டி உருகியதைக் கண்டு சிந்திக்கத் தொடங்கினார் என்பர். 1945-ஆம் ஆண்டிலேயே இம்முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1947-இல் விற்பனைக்கு வந்த முதலடுப்பு ஏறத்தாழ 340 கிலோ எடையும் ஆளுயரமும் உடையதாயிருந்தது. மேசைமேல் வைக்கத்தக்க சிறிய அடுப்பு 1967-இல் அமெரிக்க இல்லங்கட்கு வந்தது.

இனி, அதன் இயல்பைக் காண்போம். ஏனைய அடுப்புகள் முதலிற் காற்றையும் கலத்தையும் சுடச்செய்து, அச்சூட்டைப் புறத்திருந்து உணவினுட் செலுத்துவன. இவ்வடுப்போ நொடிக்கு 245 கோடி முறை அதிரும் மின்காந்த அலைகளை உணவின்மேற் பாய்ச்சுவது. அவ்வலைகள் உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளைப் புரட்டிப் புரட்டி அசைக்க, அவ்வசைவே வெப்பமாகின்றது. உணவு உள்ளிருந்து புறமாக வேகும் எனப் பலர் கருதுவது பிழை. அலைகள் மேற்புறத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமே வலிவோடு செல்லும். அதற்கப்பாலுள்ள பகுதி, வெப்பம் மெல்லப் பரவுதலால் வேகும். உணவிற் கதிர் தங்கிவிடும் என்னும் அச்சமும் வேண்டா. விளக்கணைந்த அறையில் ஒளி எஞ்சாதவாறு போல, குழல் நின்றவுடன் அலையும் ஒழியும்.

சாக்லேட்டுக் கேக்கையே யாம் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. நீர் 100 டிகிரி செல்சியசில் ஆவியாவதாகலின், ஈரமுள்ள மாவு அதற்குமேற் பெரிதும் சூடேறாது. கேக்கின் மேற்புறம் பொன்னிறமாகச் சிவத்தற்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். புரதமும் சர்க்கரையும் கூடி நிறமும் மணமும் தரும் அவ்வினையைப் பிரான்சு நாட்டு அறிஞர் மயார் 1912-இல் விளக்கினார். அலையொன்றே வீசும் அடுப்பில் அது நிகழாமையின், வெண்ணிறக் கேக்கு வெந்த பின்னும் வேகாதது போல் வெளிறித் தோன்றும். கொக்கோ விதையோ வறுக்கப்பட்ட பின்னரே தூளாகின்றது. அடுப்பு தரமாட்டாத நிறத்தையும் மணத்தையும் கொக்கோ தன்னுடன் கொண்டே வருகின்றது என்க.

வேண்டும் பொருள்களாவன: மைதா 120 கிராம், சர்க்கரைப் பொடி 120 கிராம், கொக்கோத் தூள் 30 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை 2, மணமற்ற எண்ணெய் 80 மில்லி, பால் 120 மில்லி. உலர்ந்தவற்றை ஒருங்கே சலித்துக்கொள்க. முட்டையை அடித்து, எண்ணெயும் பாலுஞ் சேர்த்து, மாவிற் பெய்து கட்டியின்றிக் கலக்குக. நெடுநேரங் கலக்கின் மைதாவின் புரதம் இழையிழையாய்த் திரண்டு கேக்கைக் கடினமாக்கும். வெண்ணெயினும் எண்ணெயே ஈண்டுச் சிறந்தது. ஆறிய பின்னும் அஃது உறையாது நின்று மென்மை தரும்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவர் கருதியது அரசரையேனும், அடுக்களையிலும் அம்மூன்றும் வேண்டப்படுவனவே.

வலியாவது அடுப்பின் ஆற்றல். அதனைக் கருவியின் பின்புறத்தோ கதவருகிலோ வாட்டுக் கணக்கிற் பொறித்திருப்பர். 800 வாட்டு அடுப்பில் இக்கேக்கு ஏறத்தாழ 5 நிமிடத்தில் வேகும். 1000 வாட்டாயின் 4 நிமிடமே சாலும்.

இடமாவது கலமும் அதன் நிலையும். உலோகக் கலமும் பொன்வரி தீட்டிய பீங்கானும் தீப்பொறி எழுப்புமாதலின் விலக்குக. அடுப்பிற்குரிய கண்ணாடிக் கலம் நன்று. சதுரக் கலத்தின் மூலைகளில் இருபுறமிருந்தும் அலை தாக்குதலால் அவை முன்னரே காய்ந்துவிடும். ஆகவே 18 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கலத்தைக் கொள்க. மாவு விரைந்து பொங்குமாகலின் கலத்திற் பாதிக்குமேல் நிரப்பற்க. அடுப்பினுள் அலை எவ்விடத்தும் ஒருபடித்தாய் இராமையால், சுழல்தட்டு தடையின்றிச் சுழலல் வேண்டும்.

காலமே மூன்றனுள்ளும் தலையாயது. பலர் கேக்கு இரப்பராவது ஈண்டே. நான்காம் நிமிட முடிவில் திறந்து நோக்குக. விளிம்பு கலத்தினின்றும் விலகி, நடுவில் ஒரு நாணயத்தளவு ஈரம் எஞ்சி நிற்பின், அடுப்பை நிறுத்துக. அவ்வீரங் கண்டு அஞ்சி மேலும் இரண்டு நிமிடம் வைப்பாரே இடர்ப்படுவார். நீர் முற்றும் ஆவியாகிக் கேக்கு இறுகிவிடும். நிறுத்தி 10 நிமிடம் வாளாவிருப்பின், சூடுமிக்க பகுதியின் வெப்பம் நடுவிற் பரவி எஞ்சியதை வேகச்செய்யும். அதன்பின் ஒரு குச்சியைச் செருகிப் பார்த்து, மாவு ஒட்டின் மட்டும் 30 நொடி கூட்டுக.

ஆறிய கேக்கு விரைவில் உலர்வதாகலின், மூடிவைத்து அன்றே உண்பது நலம். மேலே பூசச் சாக்லேட்டு உருக்குவோர், பாதி ஆற்றலில் 30 நொடிக்கொருமுறை எடுத்துக் கிளறுக. உருகிய பின்னும் கட்டி தன் வடிவு மாறாது நிற்றல் உண்டாகையால், கண்ணை நம்பி மேலும் சூடேற்றின் கருகிப்போம்.

அடுப்பைப் பழிப்பதற்கு முன் அதன் இயல்பை வினவுதல் நன்று. எரியாத அடுப்பினிடம் எரியின் பணியை வேண்டாது, அஃது ஆற்றவல்லதையே வேண்டின், ஐந்து நிமிடத்தில் மெல்லிய கேக்கு ஒன்று வாய்க்கும். சிறு அறையில் வாழும் மாணவரும் தோழர் நால்வரை அழைத்துப் பகிர்ந்துண்ணலாம்.