சேர்விஸ் முடிந்ததும் இறுகிய எஞ்சின்

நகையை அடகுவைத்து, லீசிங்கும் எடுத்து, ஹயர் ஓட்டத்துக்கென்று பாவித்த வாகனம் வாங்கிய பெண்கள் எம் மத்தியில் இருக்கிறார்கள். சேர்விஸ் செய்து எடுத்த சில நாட்களில் எஞ்சின் இறுகிவிட்டால், "பழைய வாகனம்தானே அக்கா" என்று கராஜ்காரர் கைவிரிப்பார். அதை உடனே நம்பிவிடத் தேவையில்லை.

ஒயில் மாற்றும்போது பழைய பில்டரின் றப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அதைக் கவனியாமல் புதிய பில்டரைப் பூட்டினால் இரண்டு வளையங்களுக்கும் இடையால் ஒயில் பீறிடும். அடியிலே ஒயில் வடிக்கும் ஆணி சரியாக இறுகாவிட்டாலும் இதே கதைதான். ஒயில் இல்லாமல் ஓடினால் உள்ளேயிருக்கும் பெயாரிங்குகள் சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால், வீடு கிட்டத்தானே என்று ஓட்டாதீர்கள். அவ்விடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

பழுதான எஞ்சினை அதே கராஜ் கழற்றுவதற்கு முன் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பில்டரையும் ஆணியையும் படமெடுத்து வையுங்கள். கழற்றியபின் எதையும் நிரூபிப்பது கடினம். பற்றுச்சீட்டில் திகதியும் ஓடிய கிலோமீற்றரும் இருக்கட்டும். கேட்டு வாங்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை பெற்று 3 மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். 1977 என்ற இலக்கத்திலும் விபரம் கேட்கலாம்.