தரவு வராமல் தலைப்பைப் பதியாதீர்கள்

கணினித் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்கிற பலருக்குத் தலைப்பு ப்ராஜெக்ட் சென்டர் பட்டியலிலிருந்துதான் வருகிறது. ‘ஆழ்கற்றல் வழி இன்னது கண்டறிதல்’ என்று வார்ப்பு தயார். நடுவில் நீரிழிவையோ நெற்பயிர் நோயையோ செருகினால் முடிந்தது. கைடும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். தரவு எங்கே என்று யாராவது கேட்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது.

கேட்டதும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை இறக்கிக்கொள்கிறார்கள். நீரிழிவு என்றால் பிமா இந்தியர் தரவுத்தொகுப்பு, மொத்தம் 768 வரிகள். பெயரைப் பார்த்து நம் நாட்டு நோயாளிகள் என்றே முன்னுரையில் எழுதுபவர்கள் உண்டு. உண்மையில் அதில் இருப்பவர்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பழங்குடிப் பெண்கள். கோப்பைத் திறந்து இன்சுலின் பத்தியைப் பாருங்கள்: 374 இடங்களில் பூஜ்யம். சிலருக்கு இரத்த அழுத்தமே பூஜ்யம்! அளக்காமல் விட்டதெல்லாம் அப்படிப் பதிவாகியிருக்கிறது. இதைக்கூடக் கவனிக்காமல் மாடலை ஓட்டிவிட்டு, துல்லியம் இத்தனை சதவீதம் என்று மார்தட்டினால் வைவாவில் சும்மா விடுவார்களா? இணையப் பாதுகாப்பு எடுத்தவர்கள் இன்னும் கேடிடி 99 தரவுத்தொகுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அதன் மூலத்தரவு 1998-இல் ஆய்வகச் சூழலில் உருவாக்கிய பதிவுகள்.

தலைப்பைத் தீர்மானிக்கும் முன் இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்காவில் தேடுங்கள். முடிந்த ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்களுக்குச் சோத்கங்கோத்ரி. தலைப்பை மட்டும் தட்டிப் பார்த்து ‘யாரும் செய்யவில்லை’ என்று வந்துவிடாதீர்கள். தரவுத்தொகுப்பின் பெயரையும் அல்காரிதத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

மருத்துவமனைத் தரவு வேண்டுமென்றால் தெரிந்த டாக்டர் ‘வாங்க தம்பி, பார்த்துக்கலாம்’ என்று சொன்னது போதாது. அவர் மாற்றலாகிப் போனால் உங்கள் ஆய்வும் கூடவே போகும். மருத்துவமனைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த ஆண்டுகளின் பதிவுகள், யார் பார்க்கலாம், பெயர் விவரங்களை நீக்கித் தருவது யார், ஆய்வேட்டில் வெளியிடலாமா என்ற நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். கூடவே நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும். ‘பழைய ரெக்கார்டுதானே’ என்று தாண்டாதீர்கள். நோயாளியின் சம்மதம் தேவையில்லை என்று விலக்கு அளிப்பதும் அந்தக் குழுவின் வேலைதான். இந்தக் காகிதங்கள் கையில் வரும்வரை தலைப்பைப் பதியாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு வரை. பாதி வழியில் தலைப்பை மாற்றினால் போன வருடங்கள் போனவைதான். மாற்றியே ஆகவேண்டுமென்றால் சினாப்சிஸுக்கு முன்பே கைடு மூலம் டாக்டோரல் கமிட்டியில் வைத்து, கூட்டக் குறிப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்தால் ‘வாங்கிட்டோம், போங்க’ என்று ஆராய்ச்சிப் பிரிவில் சொல்வார்கள். இன்வர்ட் எண்ணும் முத்திரையும் இல்லாமல் நகராதீர்கள். ஃபைல் காணாமல் போனால் தேடப்போவது அவர்களல்ல.

ப்ராஜெக்ட் சென்டரில் எழுதி வாங்குபவர்களுக்கு: மானியக் குழுவின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தரவேண்டும், 40-ஐத் தாண்டினால் ஓராண்டு தடை, 60-க்கு மேல் பதிவே ரத்து. சொந்தப் படைப்பு என்று உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் நீங்கள். சென்டர்காரர் அல்ல.

கைடு கொடுத்த தலைப்பை நீங்கள் மறுத்ததற்காக அவர் பழிவாங்கினால், மானியக் குழுவின் 2023 விதியின்படி அமைந்த மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். அக்குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தருவது முறை. முடிவு திருப்தி இல்லையென்றால் அது கிடைத்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பெர்சன் என்ற குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதனால் முடிவுக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன்மேலேயே குறித்து வையுங்கள்.