டீசல் எஞ்சினை அறிவோம், பேணுவோம்

ஊர்திக் கடன் பெறும்போது வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தையும் தவணைத் தொகையையும் நுணுகி ஆராய்கின்றனர். அது நன்றே. ஆயினும், அத்தவணையைத் திருப்பிச் செலுத்தும் ஆற்றல் எதில் அடங்கியுள்ளது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, அதனைக் கொண்டே தொழில் நடத்துவோரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடினால்தான் அவர்களுக்கு வருவாய். எஞ்சின் நின்றால் வருவாயும் நின்றுவிடும். தவணை மட்டும் நிற்பதில்லை.

ஆகவே, நம் நாட்டுச் சாலைகளில் மிகப் பரவலாக ஓடிக்கொண்டிருக்கும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைச் சான்றாகக் கொண்டு, அதன் அமைப்பையும் அளவுகளையும் பராமரிப்பையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இங்குக் கூறப்படுவனவற்றுள் பெரும்பாலானவை பிற டீசல் கார்களுக்கும் பொருந்தும்.

பல கார்கள், ஓர் எஞ்சின்

இத்தாலியின் ஃபியட் நிறுவனம், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக இயங்கிய காலத்தில் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் இந்தியாவில் ஹரியானாவின் மானேசரிலும், மகாராஷ்டிரத்தின் புனேவுக்கு அருகிலுள்ள ராஞ்சன்காவிலும் இது உற்பத்தி செய்யப்பட்டது. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் காரில் இடம்பெற்ற இவ்வெஞ்சின், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, டாடா இண்டிகா விஸ்டா, மான்சா, ஃபியட் புண்டோ, லினியா எனப் பல நிறுவனங்களின் கார்களுக்கும் உயிரளித்தது. மாருதி இதனை டி.டி.ஐ.எஸ். என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும் அழைத்தன. மோட்டார் இதழ்கள் இதற்கு 'தேசிய எஞ்சின்' என்றே பட்டம் சூட்டின.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மாருதி நிறுவனம் டீசல் கார்களைக் கைவிட்டது. எனவே, இவ்வெஞ்சினைக் கொண்ட மாருதி கார்கள் இன்று பழைய கார்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. அவற்றுள் மிகப் புதியதும் சில ஆண்டுகள் உழைத்த ஒன்றாகவே இருக்கும். வாங்குவோர் எஞ்சினின் இயல்பை அறிந்திருக்க வேண்டியதன் தேவை இதனால் மேலும் கூடுகிறது.

எண்கள் கூறுவன

விளம்பரங்களிலும் பதிவுச் சான்றிதழிலும் காணும் '1248 சி.சி.' என்பதன் பொருள் என்ன? இவ்வெஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 69.6 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 82 மில்லிமீட்டர். இவ்விரு அளவுகளால் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 312 கன சென்டிமீட்டர் என்றாகிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்தால் 1248. பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணை எஞ்சினோடு ஒப்பிட இவ்வறிவு உதவும்.

ஒரு சிலிண்டருக்கு நான்கு வீதம் மொத்தம் 16 வால்வுகள் உள்ளன. அவற்றைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்டுகளை டைமிங் செயின் எனப்படும் சங்கிலி இயக்குகிறது. சாதாரண டர்போ பொருத்திய வகை, நிமிடத்திற்கு 4000 சுழற்சியில் 75 குதிரைத்திறனையும், 2000 சுழற்சியில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தரும். உள்ளிதழ்களின் கோணம் மாறக்கூடிய டர்போ பொருத்திய வகையோ 90 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டரும் தரும். காரின் வேகத்திற்குக் குதிரைத்திறனும், சுமையுடன் மேடேறுவதற்கு முறுக்குவிசையும் துணைபுரிகின்றன. சிறிய எஞ்சினேயாயினும் ஆட்களையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு இது தளராமல் செல்வது, குறைந்த சுழற்சியிலேயே இம்முறுக்குவிசை கிடைப்பதனால்தான்.

தீப்பொறியின்றி மூளும் தீ

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தந்து எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய பிளக் இல்லை. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகப் பிஸ்டன் அமுக்குகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது அதன் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அதே நிகழ்வு இங்குப் பன்மடங்காக நிகழ்ந்து, காற்று பல நூறு டிகிரி வெப்பமடைகிறது. அவ்வெப்பக் காற்றில் இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த நிலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் குளோ பிளக் எனும் சூடேற்றி துணைசெய்கிறது.

டீசல் நான்கு சிலிண்டர்களுக்கும் 'காமன் ரெயில்' என்னும் பொதுக்குழாய் வழியே செல்கிறது. அக்குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலாக உயரும். ஒரே முறையாகப் பீய்ச்சாது, கணினிக் கட்டுப்பாட்டின்கீழ்ச் சிறுசிறு பகுதிகளாகப் பீய்ச்சுவதே மல்டிஜெட் என்னும் பெயருக்குக் காரணம். பழைய டீசல் எஞ்சின்களின் கடகட ஒலி இதில் குறைந்திருப்பதும் இதனாலேயே. எஞ்சின் ஓடுகையில் இவ்வுயரழுத்தக் குழாய்களைத் தளர்த்தவோ கைவைத்துக் கசிவு தேடவோ கூடாது. பீய்ச்சிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

ஆயுளைக் காப்பது ஆயிலே

பராமரிப்பில் தலையாயது எது என்று வினவினால், எஞ்சின் ஆயில் என்றே விடை கூறுவோம். சிறு கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுழலும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் அந்நிமிடத்தில் 328 மீட்டர் உராய்ந்து செல்கிறது. ஒரு மணி நேரத்தில் இது 19 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வொரு மணி நேரத்தில் நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 2,40,000 முறை தீ மூள்கிறது. இத்தனை உராய்வுக்கும் வெப்பத்திற்கும் நடுவே உலோகத்தை உலோகத்தினின்று பிரித்து வைப்பது ஆயிலின் மெல்லிய படலம் ஒன்றே.

டைமிங் செயினுக்கும் ஆயிலுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. ரப்பர் பெல்ட்டைப் போலக் குறித்த தொலைவில் மாற்ற வேண்டாத செயின் எஞ்சினின் ஆயுள் முழுதும் உழைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின், அச்செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் அழுக்கேறிக் கெட்டிப்பட்டால் டென்ஷனர் சோர்வுறும். செயினின் இணைப்புகளும் தேய்ந்து நீளும். காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் சில நொடிகள் கேட்கும் சலசல ஒலியே அதன் முதல் எச்சரிக்கை. அதனைப் புறக்கணித்தால் ஒருநாள் செயின் பல் தாவக்கூடும். அப்போது வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதும். சில ஆயிரம் ரூபாய் ஆயில் செலவைத் தள்ளிப்போட்டவர், எஞ்சினையே பிரித்துக் கட்டும் செலவை ஏற்க நேரிடும்.

ஆயில் மாற்றுவதற்குக் கையேட்டில் தொலைவு, காலம் என இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே கெடு. குறைவாக ஓடிய காருக்கும் ஓராண்டுக் கெடு பொருந்தும். நெரிசலில் நின்று நின்று ஓடும் வாடகைக் கார்களுக்கும், புழுதிச் சாலைகளில் ஓடும் கார்களுக்கும் கெடுவுக்கு முன்பே மாற்றுதல் நலம். கையேடு குறிக்கும் தரமுள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயில் ஃபில்டரையும் உடன் மாற்ற வேண்டும்.

புதிய ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிட்டதே என்று சிலர் கலங்குவதுண்டு. டீசல் எரிவதால் உண்டாகும் கரியை ஆயில் தன்னுள் தாங்கிக்கொள்வதன் அடையாளமே அக்கருமை. ஆகவே, நிறத்தை அன்று, கெடுவையே நம்ப வேண்டும். மாதம் இருமுறையேனும் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக்கோலை எடுத்துப் பார்த்தல் நன்று. ஆயில் இரு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே.

டர்போவின் சுழல்தண்டும் இதே ஆயிலை நம்பியே நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுழற்சிக்கும் மேலாகச் சுழல்கிறது. நெடுஞ்சாலையில் விரைந்து வந்து நின்றவுடன் எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, கொதிக்கும் டர்போவிலேயே அது கருகிப் படியும். ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைத்தல் நல்வழக்கம்.

எரிபொருள், காற்று, குளிர்நீர்

இன்ஜெக்டரின் துளைகள் தலைமயிரின் பருமனோடு ஒப்பிடத்தக்க நுண்மையுடையன. டீசலில் நீரோ தூசியோ கலந்தால் அவை முதலில் கெடும். டீசல் ஃபில்டர் தூசியைத் தடுப்பதோடு நீரையும் பிரித்து அடியில் தேக்குகிறது. அந்நீரை உரிய காலத்தில் வடிக்க வேண்டும். அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பயணத்தைத் தொடராது கவனிக்க வேண்டும். டாங்க்கை வற்றவிட்டு ஓட்டுவதும் தவிர்க்கத் தக்கது. தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பப்பட்டால் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. உயரழுத்தப் பம்புக்கு டீசலே உயவுப்பொருளாதலால், பெட்ரோல் சென்றால் பம்பு உராய்ந்து, அதன் உலோகத் துகள்கள் அமைப்பு முழுவதும் பரவும்.

அடைபட்ட ஏர் ஃபில்டர் எஞ்சினை மூச்சுத்திணறச் செய்யும். இழுவை குறைந்து டீசல் செலவு கூடும். குளிர்விக்கும் அமைப்பில் வெறுங்குழாய்நீரை ஊற்றினால் துருவும் உப்பும் படியும். உரிய கூலன்ட்டையே பயன்படுத்த வேண்டும். இவ்வெஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பாலும் தலைப்பகுதியாகிய சிலிண்டர் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. அளவுக்கு மீறிச் சூடேறினால் அலுமினிய ஹெட் கோணிப்போகும். வெப்பமானி சிவப்பைத் தொட்டால், இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று எண்ணாது உடனே ஓரமாக நிறுத்துக. சூடு தணியுமுன் கூலன்ட் மூடியைத் திறப்பது பெருந்தீங்கு.

பழைய கார் வாங்குமுன்

வாங்க எண்ணிய காரை அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சென்று பார்த்தல் சிறந்தது. முன்கூட்டியே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால் காரணம் வினவுக. கிளப்பியவுடன் செயின் ஒலி கேட்கிறதா எனச் செவிகொடுத்து நோக்குக. புகையின் நிறமும் செய்தி கூறும். விடாத கரும்புகை, காற்றுக் குறைவையோ இன்ஜெக்டர் பழுதையோ குறிக்கும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, கூலன்ட் உள்ளே கசிவதன் அறிகுறியாகலாம். ஆயில் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற படிவு கண்டால் எச்சரிக்கை கொள்க.

ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது. சர்வீஸ் பதிவுகளோடு அதனை ஒப்பிட வேண்டும். ஆயில் மாற்றிய இரசீதுகள் தொடர்ச்சியாக உள்ள கார், அதிகத் தொலைவு ஓடியிருப்பினும், பதிவே இல்லாத குறைந்த தொலைவுக் காரினும் நம்பத்தக்கது. சில நூறு ரூபாய் செலவானாலும் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் வீண்செலவன்று.

பதிவுச் சான்றிதழில் முந்தைய கடனுக்கான ஈட்டுக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் காண வேண்டும். கடன் தீர்ந்திருப்பினும், கடன் அளித்தவரின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்கப்பட்டாலன்றி அக்குறிப்பு நீங்காது.

பராமரிப்பும் தவணையும்

வழக்கமான மோட்டார் காப்பீடு, தேய்மானத்தையும் எந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. வெள்ளநீரில் நின்ற காரைக் கிளப்பி எஞ்சின் கெட்டால், அதற்கென எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பு எடுத்திராதவர்க்கு இழப்பீடு கிடைப்பது அரிது. நீரைக் காற்றைப் போல அமுக்க இயலாது. சிலிண்டருள் புகுந்த நீரைப் பிஸ்டன் மோதும்போது அதனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எனவே, நீரில் மூழ்கிய காரைக் கிளப்ப முயலாது, இழுத்துச் சென்று சோதிப்பதே முறை.

இத்தகைய செலவுகளை எதிர்கொள்ள எளிய வழி ஒன்றுண்டு. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் எனச் சேமிப்புக் கணக்கிலோ தொடர்வைப்புக் கணக்கிலோ ஒதுக்கி வருவோமாயின், அடுத்த ஆயில் மாற்றத்திற்கு முன் 10,000 ரூபாய் கையிலிருக்கும். சர்வீஸ் செலவு போக எஞ்சுவது டயருக்கும் பேட்டரிக்கும் எதிர்பாராப் பழுதுக்கும் உதவும். கடன் தொகையைத் திட்டமிடும்போதே தவணையோடு இவ்வொதுக்கீட்டையும் மாதச் செலவாகக் கணக்கிட வேண்டும். இவ்விரண்டையும் தாங்காத வருவாயாயின், விலை குறைந்த வேறொரு காரையோ சிறிய கடனையோ தேர்வதே அறிவுடைமை.

எஞ்சின் திடுமெனக் கெடுவது அரிது. ஒலியாலும் புகையாலும் விளக்காலும் அது பலமுறை முன்னறிவிப்புத் தருகிறது. அவ்வறிவிப்புகளைச் செவிமடுத்து, உரிய நாளில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவருவோர்க்கு, கடன் தீர்ந்த பின்னரும் அந்த நான்கு சிலிண்டர்கள் பல்லாண்டு உழைத்துத் தரும். தவணை முடிந்தபின் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரின் வருவாயும் நமக்கே உரியது.